கறுப்பு விழுந்தவர்கள்

எல்லோரும் அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போன பிறகும் ஷாமியானாவின் ஓரத்தில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. ஒரு வார் பிய்ந்துபோய், அடியில் ஊக்கு குத்திச் சமாளித்திருந்தார்கள். ஸ்ரீதேவி அதை முதலில் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு மறுபடி பார்த்தபோது எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

2007, தீபாவளி முடிந்த வாரம். திருவிடந்தைக்குத் தெற்கே, இ.சி.ஆரிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் மணல்பாதை ஒரு சவுக்குத் தோப்பில் போய் முடிகிறது. அன்று பிற்பகல் முழுக்க அந்தத் தோப்புதான் போர்க்களம். பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் கூலிக்கு வந்து மரத்தடிகளில் அடிபட்ட சிப்பாய்களாகப் படுத்துக்கிடந்தார்கள். நெற்றியிலும் வயிற்றிலும் சிவப்புச் சாயம் பூசி, வலிப்பதுபோல் கத்தச் சொல்லியிருந்தார்கள். பாதிப் பேர் கத்தினார்கள், பாதிப் பேர் வெட்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீதேவி வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்த கருவிக்கு அன்றைக்குப் பரீட்சை. சண்டையில் ஒரே நேரத்தில் பல பேர் விழுந்தால், உதவிக்கு ஓடிவருகிறவன் யாரிடம் முதலில் போவது? அதைக் கருவியே சொல்லிவிடும். சிப்பாயின் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து விரலைக் கவ்வும் ஒரு கிளிப். கிளிப் விரலுக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி, ரத்தத்தின் துடிப்பைப் படித்து, உதவியாளன் கையிலிருக்கும் குட்டித் திரைக்கு ஒரு புள்ளியாக அனுப்பும். சிவப்பு என்றால் உடனே ஓட வேண்டும். மஞ்சள் என்றால் கொஞ்சம் தாங்குவான். பச்சை என்றால் தானே நடந்து வருவான். கறுப்பு என்றால் முடிந்துபோன கேஸ், நிற்காமல் தாண்டிப் போகலாம்.

அந்தக் கறுப்பு விஷயத்தில் ஸ்ரீதேவிக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முதலில் செய்த கருவியில் புள்ளிகள் சிவப்புக்கும் கறுப்புக்கும் மாறி மாறித் தாவி, உதவியாளர்களைக் குழப்பி அடித்தன. அவள்தான் பிடிவாதமாக நின்று அதை மாற்றினாள். ஒரு தடவை கறுப்பு விழுந்தால் விழுந்ததுதான், திரும்பாது. அதோடு, கறுப்புப் புள்ளி திரையிலிருந்தே மறைந்துவிடும். போனவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் பிழைக்க வேண்டியவன் போய்விடுவான் என்று மீட்டிங்கில் மேஜையைத் தட்டிச் சொன்னாள். திரையைப் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள் என்று பயிற்சி வகுப்பிலும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அன்று வந்த ராணுவ உதவியாளர்கள் இருவரும் அதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். இவ்வளவு வேகமாக யாரும் முடித்ததில்லை என்று டெல்லியிலிருந்து வந்த அதிகாரி கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அதெல்லாம் ஆகி வெகு நேரமாகிவிட்டது. ஐப்பசி மாதத்து வெளிச்சம் ஆறு மணிக்கு முன்பே வடிந்துவிடும். கடல் பக்கமிருந்து மேகம் இறங்கி, சவுக்கு மரங்களுக்குள் ஏற்கெனவே இருட்டாக இருந்தது. மழை இன்னும் வரவில்லை, ஆனால் காற்றில் அதன் வாடை இருந்தது. ஈர மணலும் கருவாடும் ஜெனரேட்டர் புகையும் கலந்து அடித்தன.

"செல்வராஜ், இது யாரோட செருப்பு?"

குப்பத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தவன் செல்வராஜ். கூலியை வாங்கி எல்லோருக்கும் பட்டுவாடா செய்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"யாரோ வுட்டுட்டு பூட்டாங்க மேடம். எங்க ஜனம் மணல்ல வெறுங்கால்லயே நடக்கும். நாளைக்கு வந்து எட்த்துகினு போவும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்ரீதேவி பட்டைகள் அடுக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஸ்பாஞ்சில் வெட்டிய குழிகளில் ஒன்று காலியாகக் கிடந்தது.

"ஒண்ணு போனா போகட்டும் மேடம்" என்றான் ஹரிஹரன். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன், கல்லூரி முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "இன்னிக்கு வந்த ரிசல்டுக்கு நாலு பட்டை தொலைஞ்சாலும் யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் லேப்டாப்பை மறுபடி திறந்தாள். தொலைந்த பட்டை எது என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஆட்டம் தொடங்கிய உடனேயே அதற்குக் கறுப்பு விழுந்திருந்தது. தொடங்கிய உடனேயே. நடிக்கப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் கல்லுக்குண்டாக உயிரோடு இருக்கிறவர்கள். சிவப்பும் மஞ்சளும் பரீட்சைக்காக முன்கூட்டியே பட்டைகளில் ஏற்றிவைத்தவை, கறுப்பு விழவே கூடாது.

அந்தப் பட்டையை யாருக்குக் கட்டினோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லம்மாள், செல்வராஜின் அக்கா, மீன் விற்கிறவள். கையை நீட்டும்போதே சிரித்தாள். பத்து விரல் நுனியிலும் தொப்பி போட்டதுபோல் மருதாணி, அப்படியே கறுத்துச் சிவந்திருந்தது.

"பொண்ணுக்குத் தல தீபாவளி மேடம். அது வச்சிக்கினு மிச்சத்த எங்கையில அப்பிட்ச்சி. இந்த வயசுல இவளுக்கு இன்னா மருதாணின்னு குப்பமே சிரிக்கிது."

அழகாகப் பிடித்திருக்கிறது என்று ஸ்ரீதேவியும் சொன்னாள். சொல்லிக்கொண்டே கிளிப்பை அந்தச் சிவந்த நுனியில் மாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். ஆபீஸில் மாதக்கணக்கில் சோதித்ததெல்லாம் பையன்களின் விரல்களில், அல்லது தன் விரலில். மருதாணி போட்ட விரலை அந்தக் கிளிப் அதுவரை கண்டதே இல்லை. அத்தனை கெட்டியான சாயத்துக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? துடிப்பே இல்லை என்று கருவி முடிவுகட்டிவிட்டது. அதன்படி யாரும் அவளிடம் போகவில்லை. தன் முட்டாள்தனத்தை நினைத்து ஸ்ரீதேவிக்குக் காது மடல் சுட்டது.

சரி, போகட்டும், ஆட்டம் முடிந்ததும் அவளே எழுந்து வந்திருப்பாளே? கூலி வாங்காமல், செருப்பைப் போடாமல் எங்கே போவாள்?

"அக்கா வூட்டுக்குப் போயிருக்கும் மேடம்" என்றான் செல்வராஜ். கேட்டதும் வந்த பதில். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை, தோப்புப் பக்கம் ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. ஸ்ரீதேவிக்கு அதுதான் புரியவில்லை. கூடப் பிறந்தவளைப் பற்றிக் கேட்கிறாள், அவன் ஏதோ பக்கத்து ஊர் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறான்.

அவள் டார்ச்சையும் குட்டித் திரையையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். கறுப்புப் புள்ளிகளைக் காட்டச் சொல்லும் ஒரு வழி அந்தத் திரையில் உண்டு, அதன் புரோகிராமை எழுதிய அவளுக்கு மட்டும் தெரியும். அழுத்தினாள். ஒரே ஒரு புள்ளி, கடல் பக்கத்து ஓரத்தில், அசையாமல் இருந்தது.

சவுக்கு மரத்துக்கு ஒரு ஓசை உண்டு. காற்று அடிக்கும்போது பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்து விடாமல் வைத்திருப்பது மாதிரி இருக்கும், காற்று நின்றபிறகுதான் விடும். உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகக் கிடந்ததால் அவளுடைய காலடிச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. பின்னால் ஜெனரேட்டரின் இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து அலையின் சத்தத்தோடு கலந்தது. முகத்தில் சிலந்தி வலை பட்டுத் துடைத்தாள். எங்கேயோ சாயத்தின் பிசுபிசுப்பான வாடை, அதற்கும் அடியில் பச்சை இலையை அரைத்த வாடை. புள்ளி நெருங்க நெருங்க, ஏன் டார்ச்சை உயர்த்தத் தயங்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

உயர்த்தினாள். ஒரு மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு எல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். ஆனால் எழவில்லை.

"மேடம்... நீங்க என்னப் பாக்கறீங்களா?"

"பாக்கறேனே. என்னம்மா இங்கயே உக்காந்துட்டீங்க? எழுந்திருங்க, போலாம்."

எல்லம்மாள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "கத்திக்கினே கீறேன் மேடம். ஒருத்தன் திரும்பல. அந்த ராணுவத் தம்பிங்க என் கால தாண்டிக்கினு போனாங்கோ. சரி, வெளையாட்டு இப்டிதான் போலன்னு பொணமாட்டம் கெடந்தேன். எல்லாம் முட்ஞ்சி எழுந்து வந்து ஒவ்வொரு ஆளா பேர் சொல்லிக் கூப்புட்டேன். பக்கத்துல நின்னு கூப்புட்டேன். அப்பறம் பயந்துகினு இங்கியே வந்துட்டேன். செல்வராசு இந்தப் பக்கம் வந்தான், என் கூடப் பொறந்தவன். இதோ இங்க, என் எதுருல நின்னு ஒண்ணுக்கு வுட்டுட்டுப் போறான் மேடம்."

கடைசி வாக்கியத்தில் அவள் அழுதுவிட்டாள். ஸ்ரீதேவி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். கை சூடாக இருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள், நாடி நன்றாகத்தான் ஓடியது. மயக்கம் போட்டிருப்பாள், குழம்பியிருக்கிறாள், சூடாக ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கூட்டி வந்தாள். எல்லம்மாள் அவள் முழங்கையை விடவே இல்லை.

ஷாமியானா விளக்கு வெளிச்சத்தில் இருவரும் வந்து நின்றார்கள். வேனின் டிரைவர் ராஜாராம் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். ஹரிஹரன் நிமிர்ந்து பார்த்தான்.

"கெடைச்சுதா மேடம்?"

"இதோ நிக்கறாங்களே."

"எங்க?" அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். பட்டையைத் தேடுகிறான். "காட்டுங்க, பெட்டியில வெச்சிடறேன்."

ஸ்ரீதேவி சிரிக்கப் பார்த்தாள். பையன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தாள். அதற்குள் எல்லம்மாள் அவளை விட்டுவிட்டு ஓடி, செல்வராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "டேய்! என் மூஞ்சப் பாருடா! செல்வராசு!" அவன் முகத்துக்கு நேரே கத்தினாள். எச்சில் தெறித்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"தூறுது மேடம். காத்தும் ஜாஸ்தியா கீது. சீக்கிரம் கெளம்புங்க."

ஸ்ரீதேவி செல்வராஜின் கண்களை உற்றுப் பார்த்தாள். இது கிண்டல் இல்லை. ஒருவன் நடிக்கலாம். அவன் கண்ணில் இருக்கும் பாப்பா நடிக்காது. அக்காவின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்க, அவன் பார்வை அதற்குப் பின்னால் இருக்கும் மரத்தில் போய் நின்றது. எல்லம்மாளை அவனுக்குத் தெரியும், பெயரைச் சொன்னால் வீட்டில் இருப்பாள் என்பான். ஆனால் பார்க்கமாட்டான். நின்று பார்க்காதே, தாண்டிப் போ. ஸ்ரீதேவியே எழுதிய விதி.

எல்லம்மாளை வேனின் மறைவுக்கு இழுத்துப்போய்ப் பட்டையைக் கழற்றினாள். கழற்றியும் ஒன்றும் மாறவில்லை. ராஜாராம் மடக்கிய நாற்காலிகளோடு வந்து எல்லம்மாளின் மேல் இடித்து, கால் தடுமாறி, மணலைத் திட்டிவிட்டுப் போனான்.

ஒரு பட்டைமேல் சந்தேகம் வந்தால் தன் விரலை உள்ளே விட்டுப் பார்ப்பது ஆபீஸில் எல்லோருக்கும் பழக்கம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்வார்கள். கொதிக்கிற குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பது மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. ஒரு நல்ல துடிப்பைப் படித்தால் கருவிக்குப் புத்தி வரும் என்று தோன்றியது. ஸ்ரீதேவி கிளிப்பைத் திறந்து தன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள்.

குட்டி விளக்கு மினுக்கியது. திரையில் புள்ளி கறுப்பாகவே இருந்தது.

"அக்கா! எப்ப வந்த?" செல்வராஜ் ஓடி வந்தான். "இங்க இன்னா பண்ற? சாப்ட்டியா? ஏன் அழுவுற?"

எல்லம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஸ்ரீதேவிக்கும் கண்ணில் நீர் முட்டியது. கிளிப்பை உருவிவிட்டு எல்லம்மாளின் தோளைத் தொட்டாள். எல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்த மேடம் எங்கடா? அவங்கதான் என்னக் கூட்டியாந்தாங்க. இப்ப இங்கதான் இருந்தாங்க."

"வண்டில ஏறியிருப்பாங்க" என்றான் செல்வராஜ்.

"ஆமாம், ஏறியிருப்பாங்க" என்றாள் எல்லம்மாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்ரீதேவி நின்ற இடத்தை உரசிக்கொண்டு தம்பியோடு நடந்து போனாள். ஸ்ரீதேவி கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். சவுக்கு மரங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன.

"மேடம் எங்க அண்ணாத்த?" வேனில் பெட்டியை ஏற்றும்போது ஹரிஹரன் கேட்டான்.

"பஸ் புட்ச்சி போயிருப்பாங்க தம்பி. சின்னப் பொண்ணு காத்துகினு கெடக்கும்ல வூட்ல" என்றான் ராஜாராம்.

"ஆமா, போயிருப்பாங்க."

அவள் அவர்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது? ராஜாராமின் வீடு படாளத்தில், ராத்திரி வண்டி செங்கல்பட்டு வழியாகத்தான் போகும். மழை வலுத்தது. மாமல்லபுரத்தில் ஹரிஹரன் இறங்கும்போது அவளுடைய கைப்பையைத் தன் பையென்று எடுத்து, இல்லையென்று தெரிந்ததும் மறுபடி அவள் மடியில் வைத்தான். மடி என்று தெரியாமலே வைத்தான். சாலையோரத்துக் கல் பட்டறைகளில் முடியாத சிலைகள் நனைந்துகொண்டு நின்றன. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவளுக்குப் பேச்சு வற்றிவிட்டது. பட்டையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை நினைத்தாள். சுஷ்மி பார்ப்பாள். ஆறு வயதுக் குழந்தை, பெற்ற குழந்தை. அவள் பார்ப்பாள்.

செங்கல்பட்டில் ராஜாராம் வடை வாங்க நிறுத்தியபோது கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய தெருவில் அவள் குடியிருக்கும் மாடிப் போர்ஷன். படியேறும்போதே குழந்தையின் குரல் கேட்டது.

"அம்மா எப்ப வருவா?"

"வந்துடுவாம்மா. சாப்பிடு."

அவள் கணவன் ரவிச்சந்திரன் அணு ஆராய்ச்சி அலுவலகத்துப் பஸ்ஸில் சீக்கிரமே வந்துவிடுகிறவன். சாதம் வைத்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்ததும் நிமிர்ந்தான். "காத்து" என்று எழுந்து வந்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டித் தாழ்ப்பாள் போட்டான்.

ஸ்ரீதேவி மகளின் முன்னால் மண்டியிட்டாள். "சுஷ்மி. அம்மாடா. இங்க பாரு." கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். குழந்தை உடம்பைக் குறுக்கிக்கொண்டது.

"அப்பா, குளுருது."

அவன் எழுந்து ஃபேனை நிறுத்தினான்.

அவள் கம்ப்யூட்டரைப் போட்டுப் பட்டையை அதில் இணைத்தாள். தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே அழிக்கப் பார்த்தாள். எங்கே தட்டினாலும் கறுப்பு. அவ்வளவு கெட்டியாகப் பூட்டி வைத்திருந்தாள். பின்னால் ரவிச்சந்திரன் கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று முணுமுணுத்து, சுவிட்சை அணைத்தான்.

பிறகு குழந்தை கேட்பதை நிறுத்திவிட்டது. அதுதான் அவளை உடைத்தது. சாப்பிடும்போது கேட்டாள், கை கழுவும்போது கேட்டாள். அப்புறம் தரையில் கலர் பென்சில்களைக் கொட்டிக்கொண்டு, முனகலாகப் பாடிக்கொண்டு, படம் போட ஆரம்பித்துவிட்டாள். அம்மா வந்துவிடுவாள். அவ்வளவுதான். இப்படியே நாளைக்கும், நாளை மறுநாளும். தன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, மகள் வளர்வதைப் பார்த்துக்கொண்டு.

முடியாது.

வழி அவளுக்குத் தெரியும். எல்லம்மாளிடமிருந்து அவளுக்கு எப்படி வந்ததோ அப்படி. இன்னொரு விரல் வேண்டும்.

ரவிச்சந்திரன் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தான். டி.வி. சன்னமாக ஓடியது. கை நாற்காலியின் பிடியில் தொங்கியது. ஒரே ஒரு நிமிஷம், என்று சொல்லிக்கொண்டாள். இது எப்படி நடக்கிறதென்று எனக்குத் தெரியும், எல்லம்மாளுக்குத் தெரியாது, அதுதான் வித்தியாசம். அவன் இங்கேதான் இருப்பான் என்று தெரிந்தால் தேடிவிடலாம். தேடினால் தெரிவார்கள், தோப்பில் எல்லம்மாள் எனக்குத் தெரிந்தாளே. அப்புறம் விடிந்ததும் ஆபீஸ், உடைத்தாவது சரி செய்யலாம். மறந்துவிடக் கூடாது. மேஜையிலிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி எழுதினாள்: ரவியைத் தேடு.

யாரை முதலில் காப்பாற்றுவது என்று வரிசை போடுவதுதான் அவள் வேலை. தன் வீட்டிலும் போட்டுவிட்டாள். தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் மண்டியிட்டாள்.

கிளிப்பைத் திறந்தாள்.

அவன் விரல் நுனி. இன்னும் கொஞ்சம்.

விளக்கு மினுக்கியது.

"ஐ, லைட்டு!"

கண் இமைக்கும் நேரம். பென்சிலைப் போட்டுவிட்டு வந்தது, குனிந்தது, பிஞ்சு விரல். ஸ்ரீதேவி இழுத்தாள். வேண்டாம். வேண்டாம் சுஷ்மி. கையை எடு. கிளிப் கவ்வியது.

"எப்ப வந்த?"

ரவிச்சந்திரன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தான். "இப்படியா நனைஞ்சிட்டு வருவ? ஏன் தரையில உக்காந்திருக்க?"

ஸ்ரீதேவி அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் தன்னைப் பார்க்கிறான். அதுபோதும். ஏன் இவ்வளவு அழுகிறோம் என்று கொஞ்ச நேரத்தில் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ரொம்ப நேரம் வெயிலில் நின்றது, பரீட்சைக் கவலை, மழை. எழுந்து, தலையைத் துவட்டி, சூடாக ரசம் விட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். புடவைக் கொசுவத்தை எதுவோ பிடித்து இழுத்தது. நாற்காலிக் காலில் மாட்டியிருக்கும் என்று விடுவித்துச் செருகிக்கொண்டாள்.

"சுஷ்மி?" என்றாள்.

"தூங்கியிருப்பா."

"ஆமா, தூங்கியிருப்பா."

ரசம் நன்றாக இருந்தது. வெளியே மழையோடு எங்கேயோ ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது போலிருந்தது. அவள் டி.வி.யைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். கை கழுவப் போனபோது உள்ளங்கையில் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்தாள்.

"இது என்ன, ரவியைத் தேடு?" அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இங்கதானே இருக்கேன்?"

"தெரியலையே. எதுக்கு எழுதினேன்?" அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் கண்ணெதிரில் நின்றுகொண்டிருந்தான். சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தாள், மை கரைந்து போனது. கூடத்தில் சிதறிக்கிடந்த கலர் பென்சில்களில் கால் வைத்து, இரண்டு உடைந்தன. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

படுக்கையில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்துக்கொண்டார்கள். நடுவில் இடம் விட்டிருந்தார்கள். ஏன் விட்டோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இருட்டில் அந்த இடம் மெல்ல அமுங்கியது. போர்வை ஒரு பக்கமாக இழுபட்டது. பிறகு மெத்தை நடுங்கத் தொடங்கியது. சின்னச் சின்னதாக, விட்டு விட்டு.

"என்ன அது?" என்றான் ரவிச்சந்திரன், பாதித் தூக்கத்தில்.

"ரோட்டுல லாரி போகுது."

அவள் தோளை ஏதோ பற்றியது. ஈரமாக, சூடாக, ரொம்பச் சிறியதாக. ஸ்ரீதேவி தோளைக் குலுக்கி அதை உதறிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் மெத்தை நடுங்கிக்கொண்டே இருந்தது.